பிரேக்கம்மாவின் வலது கால்

இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளிடம், உன் உடம்பில் எதற்கு அறிவு அதிகம் என்று கேட்டால் வலது காலைத்தான் காட்டுவாள். மூளை யோசித்து முடிப்பதற்குள் அது வேலையை முடித்துவிடும். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிற அந்த அரை நொடியில், பக்கத்து இருக்கையின் கீழே இருக்கிற இரண்டாவது பிரேக் அவள் செருப்புக்கடியில் நசுங்கியிருக்கும். அதனால் ஊரே அவளைப் பிரேக்கம்மா என்றது. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருந்தது.

கால் காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் போனாலும் மிதிப்பாள். லிஃப்ட் இறங்கும்போது மிதிப்பாள். சினிமாவில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால் முன் வரிசைக்காரர் மூன்று முறையாவது திரும்பிப் பார்ப்பார். ஏன் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வந்தவங்க எல்லாரும் ஓவர் ஸ்பீடு" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. பன்னிரண்டு வயது இளையவள். அக்கா பூமியில் உட்கார்ந்து எல்லோரையும் நிறுத்துகிறவள் என்றால், தங்கை ஐம்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து இரும்புக் கம்பிகளை ஆகாயத்தில் பறக்கவிடுகிறவள். டவர் கிரேன் ஆபரேட்டர். ஏணி ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்விட்டால் சாயங்காலம் வரை தனி ராஜாங்கம். பிரேக்கம்மாவுக்கு அந்த வேலையில் பிடிக்காத விஷயம் உயரம் இல்லை. அந்தக் கூண்டில் பக்கத்து இருக்கை கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கையின் கழுத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் தங்கை கண்டுகொள்ளவில்லை. வலிக்காததாலேயே பிரேக்கம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். நிணநீர்க் கணுவில் வருகிற புற்றுநோய், லிம்போமா. குணமாகிற வாய்ப்பு நிறையவே இருக்கிறது என்றார் டாக்டர். கீமோ தொடங்கியது. தங்கை தன் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள்.

அந்த மாதங்களில் பிரேக்கம்மா ஒரு தனி அரசாங்கமே நடத்தினாள். மூன்று தெர்மாமீட்டர் வாங்கினாள். ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும் என்பது அவள் வாதம். மாத்திரைக்கு ஒரு நோட்டு, வாந்திக்கு ஒரு நோட்டு, வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரில் எத்தனை முறை கொப்பளித்தாள் என்பதற்கு ஒரு நோட்டு. ஆஸ்பத்திரிக்கு அவள் காரை ஓட்டிய வேகத்தைப் பார்த்து ஒரு நாய் முந்திக்கொண்டு போனது. லேசாகத் தும்மிய பக்கத்து வீட்டுக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அந்த அம்மாள் இன்றைக்கும் இந்த வீட்டைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள்.

சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. தங்கைக்கு முடி முளைத்து, முன்பைவிடச் சுருளாக வளர்ந்து, இரண்டு தடவை வெட்டியும் ஆயிற்று. மூச்சு, கண், கால் உணர்வு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, கிரேனில் ஏறலாம் என்று டாக்டர் கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதம் நீலக் கோப்புக்குள் போனது. நீலக் கோப்பு காரின் டேஷ்போர்டுக்குள் போனது. டேஷ்போர்டின் சாவி பிரேக்கம்மாவின் இடுப்புக்குப் போனது. தங்கை தினமும் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து எல் போர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் இன்னும் வாய்க்குள் வந்துகொண்டிருந்தது.

"திங்கட்கிழமைக்குள்ள லெட்டரைக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க, அக்கா. இல்லைன்னா கிரேனை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டுமே. அஞ்சு வருஷம் முடியட்டும். அதுக்கப்புறம் நீ ராக்கெட்லகூட ஏறு."

"ஆஸ்பத்திரியில கேட்டா இன்னொரு காப்பி குடுத்துருவாங்க, தெரியுமில்ல?"

"போய் வாங்கிக்க."

"மாட்டேன். உன் கையால வேணும்."

அதுதான் சிக்கல். காப்பியோடு தீர்கிற விஷயமாக இருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களும் வருடம் ஒருமுறை கூடுகிற நாள். இந்த முறை பேச்சாளர் கிடைக்காததால் வினாடி வினா. ஒரு பக்கம் மீண்டவர்கள், எதிர்ப்பக்கம் கவனித்தவர்கள். வார்டு சிஸ்டர் இரண்டு பக்கத்திலும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்.

தங்கை அழைப்பை மேசைமேல் வைத்து, ரொட்டியின்மேல் ஜாமைக் குவியலாகத் தடவினாள்.

"நான் அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். நீ ஜெயிச்சா இன்னும் ஒரு வருஷம் எல் போர்டு துடைக்கிறேன். ஏன்னு கேட்க மாட்டேன். நான் ஜெயிச்சா நீலக் கோப்பை நீயே எடுத்து என் கையில குடுக்கணும்."

பிரேக்கம்மா சிரித்தாள். மூன்று நோட்டு எழுதியவள் அவள். இவள் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தவள். "சரி," என்றாள், தங்கையின் ரொட்டியிலிருந்து கொஞ்சம் ஜாமை வழித்து எடுத்துக்கொண்டே.

அந்த வாரம் முழுக்க அவளிடம் கார் கற்க வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து படித்தார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் ஒரு கேள்வி, ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கேள்வி. பதில் தப்பினால் பிரேக். லைசென்ஸ் தேர்வுக்குப் போன ஒரு பையனிடம் அதிகாரி சிவப்பு முக்கோணப் பலகையைக் காட்டி, இதைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். "மூணு வாரத்துல ஆறலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும் சார்" என்றானாம் அவன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி, பிசியோதெரபி கூடத்தில். நாற்காலிகள் போதாமல், உடற்பயிற்சிக்கு வைத்திருந்த பெரிய ரப்பர் பந்துகளிலும் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது சிரித்தால் அந்த வரிசையே மேலும் கீழுமாக ஆடியது.

மேடையில் இரண்டு மேசை. மீண்டவர்கள் மேசையில் தங்கையும், புராஸ்டேட் புற்றுநோய் வந்து குணமான தபால்காரர் ஒருவரும். ஓய்வு பெற்றும் காக்கிச் சட்டையை விடாத மனிதர். எதிர்மேசையில் பிரேக்கம்மாவும் ஒரு சலூன்காரரும். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது தன் கையாலேயே மொட்டையடித்துவிட்டவர் அவர். "எத்தனையோ தலை பார்த்திருக்கேன். முழுக்க வழிச்ச பிறகும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்குன்னு சொன்ன ஒரே கஸ்டமர் என் வீட்டம்மாதான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த வீட்டம்மாள் மூன்றாவது பந்திலிருந்து, "இறங்கித்தான் இருந்துச்சு" என்றாள்.

சிஸ்டர் விதிகளைச் சொன்னார். பத்துக் கேள்வி. பதில் தெரிந்தவர்கள் மேசைக்கு அடியில் இருக்கிற மிதியை அழுத்த வேண்டும். முதலில் அழுத்தியவருக்கு வாய்ப்பு. சரியான பதிலுக்கு ஒரு புள்ளி. தப்பாகச் சொன்னால் கேள்வி எதிர்மேசைக்குப் போகும். எதிர்மேசை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே அழுத்தினால் ஒரு புள்ளி குறையும்.

"மிதியா?" என்றாள் பிரேக்கம்மா.

"சர்ஜரிக்கு அப்புறம் கை வீங்கினவங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா. வேகமாக் கையால அடிக்கச் சொல்ல முடியாது. அதான் நம்ம எலக்ட்ரீஷியன் பழைய தையல் மெஷின் பெடலை வச்சுப் பண்ணிக் குடுத்தார்."

பிரேக்கம்மா மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். வலது கால் இருக்க வேண்டிய இடத்தில், கச்சிதமாக, ஒரு மிதி. நிமிர்ந்தபோது எதிரே தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"முதல் கேள்வி. கீமோ போயிட்டிருக்கிறவங்களுக்கு உடம்பு சூடு எவ்வளவு ஆனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும்?"

பாம் என்று லாரி ஹாரன் அலறியது. கவனித்தவர்கள் மேசைக்கு எலக்ட்ரீஷியன் மாட்டியிருந்த சத்தம் அது. இரண்டு பேர் பந்திலிருந்து உருண்டார்கள்.

"முப்பத்தெட்டு டிகிரி. பழைய தெர்மாமீட்டர்னா நூறு புள்ளி நாலு. காலையில பார்த்துக்கலாம்னு விடக் கூடாது. அவங்களைக் கேட்காம காய்ச்சல் மாத்திரை குடுத்து அமுக்கவும் கூடாது. தெர்மாமீட்டரை எப்படி உதறணும்னா—"

"போதும்மா. கேட்டதுக்கு மட்டும்."

"ரெண்டாவது. கறுப்பா இருக்கிறவங்களுக்குத் தோல் புற்றுநோய் வரவே வராது. சரியா, தப்பா?"

மீண்டவர்கள் மேசையில் சைக்கிள் மணி கிணுகிணுத்தது. "தப்பு," என்றாள் தங்கை. "குறைச்சலா வரும், ஆனா வரும். உள்ளங்கையில, உள்ளங்கால்ல, நகத்துக்கு அடியில வந்தா யாரும் கவனிக்கிறது—"

பாம்.

கூடமே திரும்பிப் பார்த்தது. பிரேக்கம்மா தன் காலைப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். அவ வேகமாப் போனா."

அந்தப் பக்கம் ஒரு புள்ளி கூடியது, இந்தப் பக்கம் ஒரு புள்ளி குறைந்தது. சலூன்காரர் மூச்சை இழுத்து விட்டார்.

ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருமா என்பது அடுத்தது. அதை அவர் மிதித்து வாங்கினார். "வரும். அபூர்வம், ஆனா வரும். கடைக்கு வர்ற ஆம்பளைங்ககிட்ட கட்டி கிட்டி இருந்தா காட்டுங்கன்னு சொல்லிடுவேன். மூஞ்சி நிறைய சோப்பு நுரை இருக்கிற நேரமாப் பார்த்துச் சொல்லுவேன். எதிர்த்துப் பேச முடியாதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்தால், சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டுமா என்பது நாலாவது. தபால்காரர் மணியை அடித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒட்டாது. எங்க ஆபீஸ்ல என் டம்ளரை மட்டும் ஜன்னல்ல தனியா எடுத்து வச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல. தினமும் சீக்கிரம் போய் எல்லார் டம்ளரையும் எடுத்து அதே ஜன்னல்ல வச்சேன். ஒரு வாரத்துல டீ ஊத்துறவர் நேரா ஜன்னலுக்கே வர ஆரம்பிச்சிட்டார்."

பந்துகள் துள்ளின. ஒருசில புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் பரவும், அதற்குத் தடுப்பூசி உண்டு, நோய் பரவாது என்று சிஸ்டர் சேர்த்துச் சொன்னது பாதிப் பேருக்குத்தான் கேட்டது.

"அஞ்சாவது. சர்க்கரையை அடியோட நிறுத்திட்டா புற்றுநோய் பட்டினியில செத்துடும். சரியா, தப்பா?"

மணி. தங்கை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"தப்பு. அப்படி யாரும் நிரூபிக்கல. ஆனா ஏழு மாசம் எனக்கு ஒருத்தங்க சர்க்கரை இல்லாத டீ குடுத்தாங்க. பேர் சொல்ல மாட்டேன். க்ரீம் பிஸ்கட் கேட்டா, க்ரீமைக் கத்தியால சுரண்டி எடுத்துட்டு, ரெண்டு பிஸ்கட்டையும் கழுவி—"

பாம்.

"கழுவல," என்றாள் பிரேக்கம்மா. "துடைச்சேன்."

மூன்றுக்குப் பூஜ்யம். சலூன்காரர் குனிந்து ரகசியம்போலச் சொன்னார்: "அக்கா, நமக்கு அறிவு இருக்கு. உங்க கால்தான் அந்த டீமுக்கு ஆடுது."

அதன் பிறகு பிரேக்கம்மா கோபத்தோடு ஆடினாள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பரிசோதனை உண்டு என்றாள். புகை பிடிக்காதவருக்கும் நுரையீரலில் வரலாம் என்றாள். கவனித்துக்கொள்கிறவரும் தூங்க வேண்டும், தன் உடம்பையும் டாக்டரிடம் காட்ட வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஆளை வைத்துவிட்டு வெளியே போக வேண்டும், சரியா தப்பா என்றபோது, சரி என்று ஹாரனோடு சேர்ந்தே கத்தினாள்.

"சரியான பதில். நீங்க எத்தனை நாள் அப்படி வெளிய போனீங்க?" என்றார் சிஸ்டர்.

"கேள்வியில அது இல்லையே."

மூன்றுக்கு மூன்று ஆகிவிட்டது. ஒன்பதாவது கேள்வியைச் சிஸ்டர் தேடிக்கொண்டிருந்தார். தபால்காரர் மிதியில் காலை வைத்து, கைக்குட்டையை உதறினார். அதிலிருந்து கிளம்பிய மூக்குப்பொடி வாசனைக்குத் தங்கை ஒரே ஒரு தடவை இருமினாள்.

பாம்.

கூடம் முழுக்கச் சிரித்தது. எதிர்மேசை வாயைத் திறந்தால் அது பேச்சுதானா என்று சிஸ்டருக்கும் தபால்காரருக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் இருமலும் வாயிலிருந்து வந்ததுதான் என்று முடிவாகி, ஒரு புள்ளி போனது. பிரேக்கம்மா சிரிக்கவில்லை. தங்கையும் சிரிக்கவில்லை. அந்த இருமலை அவர்கள் இருவர் மட்டும்தான் கேட்டார்கள். மற்றவர்கள் ஹாரனைத்தான் கேட்டார்கள்.

"அக்கா," என்றார் சலூன்காரர், "காலை மடக்கி மேல வச்சுக்கங்க. இனிமே நான் மிதிக்கிறேன். நீங்க பதிலை மட்டும் சொல்லுங்க."

அவள் நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வலது பாதத்தை இடது தொடைக்கடியில் திணித்து, மேலே கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒன்பதாவது கேள்வி வாயில் ஆறாத புண்ணைப் பற்றியது. அவர் மிதிக்க, அவள் சொல்ல, மறுபடி மூன்றுக்கு மூன்று. லைசென்ஸ் தேர்வில் தோற்ற பையன் பின்வரிசைப் பந்திலிருந்து கைதட்டினான்.

"கடைசிக் கேள்வி. ஒருத்தரை எந்த நாள்லயிருந்து சர்வைவர்னு, புற்றுநோயைத் தாண்டி வாழறவர்னு கணக்கு வைக்கணும்?"

பிரேக்கம்மாவின் முகம் மலர்ந்தது. அவள் வீட்டுச் சமையலறைக் காலண்டரிலேயே இருக்கிற பதில். ஐந்து வருடம். சலூன்காரரின் முழங்கையில் ஒரு குத்து விட்டாள். அவர் அலறிக்கொண்டு மிதிப்பதற்குள் சைக்கிள் மணி கேட்டுவிட்டது.

தங்கைதான். "நோய் இருக்குன்னு டாக்டர் சொன்ன அந்த நாள்லயிருந்தே..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

இந்தப் பார்வை பிரேக்கம்மாவுக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பதற்கு முன், கற்றுக்கொள்கிறவர்கள் ஒரு தடவை இந்தப் பக்கம் பார்ப்பார்கள். போகலாமா என்று வாய் கேட்காது, கண் கேட்கும்.

தப்பாகச் சொல்கிறாள். சந்தேகமே இல்லை. நேராகச் சுவரில் போய் மோதப் போகிறாள். அக்கா வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும்; கேள்வி இந்தப் பக்கம் வரும், ஐந்து வருடம் என்று சொன்னால் போட்டி முடிந்தது, கோப்பு டேஷ்போர்டிலேயே கிடக்கும், தங்கை ஆபீஸிலேயே இருப்பாள். ஆனால் கால் கேட்கவில்லை. தொடைக்கடியில் அது கோழிக்குஞ்சு மாதிரித் துடித்தது. மோத விடாதே, நிறுத்து, நிறுத்து என்றது. பிரேக்கம்மா தன் முழு எடையையும் அதன்மேல் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வண்டி சுவரை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு அவள் பிரேக்கைத் தொடாமல் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சொல்லும்மா," என்றார் சிஸ்டர்.

"நோய்னு தெரிஞ்ச நாள்லயிருந்தே கணக்குதான்," என்றாள் தங்கை. "அன்னைக்கு சாயங்காலம் நான் பல் தேய்ச்சேன், சாப்பிட்டேன், அக்காகூட சண்டை போட்டேன். தாண்டித்தானே வந்தேன்."

சிஸ்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"சரியான பதில். அஞ்சு வருஷம்னு நிறையப் பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அப்படி இல்ல. தெரிஞ்ச நாள்லயிருந்து, வாழற காலம் முழுக்க. கூட இருந்து பார்த்துக்கிட்டவங்களும் அந்தக் கணக்குல சேர்த்திதான்னு சொல்றவங்க உண்டு."

"அப்போ இவங்க ரெண்டு பேரும் எங்க டீமா?" என்று கேட்டார் தபால்காரர்.

"டீமை மாத்திக்கலாம். மார்க்கை மாத்த முடியாது," என்றார் சிஸ்டர்.

சுவர் என்று நினைத்த இடத்தில் சுவரே இல்லை. திறந்த சாலை. வண்டி பாட்டுக்குப் போய்விட்டது. பிரேக்கம்மா மெதுவாகக் காலைக் கீழே இறக்கினாள். மரத்துப்போயிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தவள் சரிந்து மிதியின்மேலேயே விழ, ஹாரன் நிற்காமல் அலறியது. எலக்ட்ரீஷியன் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கும்வரை கூடமே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. அவளும்தான். மேசையின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க. தங்கை ஓடிவந்து அக்காவின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

"இதை ரொம்ப வேலை வாங்கிட்டே," என்றாள்.

"பென்ஷன் குடுத்து அனுப்பிடலாமா?"

"அப்புறம் அந்தப் பசங்களை யாரு நிறுத்துறது?"

கார் நிறுத்துமிடத்தில் பிரேக்கம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து டேஷ்போர்டைத் திறந்தாள். நீலக் கோப்பு வெளியே வரும்போது கூடவே தெர்மாமீட்டரும் வந்தது. வேறொன்றும் வந்தது: அன்றைக்குச் சுரண்டி எடுத்த க்ரீம் இல்லை, அதைவிட மோசம். மூன்று முழு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்.

"இது யாருக்கு?"

"எனக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக்கிட்டிருக்கும்போது பசிக்கும்ல."

"நீ தின்னியா? அந்த ஏழு மாசமும்?"

"பராமரிக்கிறவங்க தன் உடம்பையும் பார்த்துக்கணும்னு சிஸ்டரே சொன்னாங்க."

தங்கை காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரேக்கம்மா கோப்பை இரண்டு கையாலும் நீட்டினாள். தங்கை அதிலிருந்து ஒற்றைக் கடிதத்தை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "இவ்வளவு வெயிட்டைத் தூக்க கிரேன்தான் வேணும். நீயே வச்சுக்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போ. ஆனா காலையில வாயில எதையாவது திணிச்சே, கடிச்சிடுவேன்."

கார் சாவியைத் தங்கை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பிரேக்கம்மா வழக்கம்போலப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கீழே, ரப்பர் தேய்ந்து பளபளத்துக்கொண்டு, அவளுடைய பிரேக் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். பின்கதவைத் திறந்து, கோப்பையும் பிஸ்கட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடத்தில் அந்தக் காரின் பின் இருக்கை எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. ஸ்பிரிங் ஒன்று குத்தியது.

முதல் திருப்பத்தில் முன் இருக்கையின் முதுகில் தொம் என்று சத்தம்.

"அக்கா, சீட்டை உதைக்காதே."

"நான் எங்கே உதைச்சேன்? அதுவா உதைக்குது."

"இன்னும் ரெண்டு தெருதான். பொறுத்துக்கச் சொல்லு."

பிரேக்கம்மா ஒரு பிஸ்கட்டைப் பிரித்து, க்ரீம் இருந்த பாதியை முன்பக்கம் நீட்டினாள்.

"ரெண்டு தெருதான்னு தெரியும்டீ," என்றாள். "கொஞ்சம் வேகமாத்தான் போயேன்."

தங்கை கியரை மாற்றினாள். தொம்.